நான்கு எண்ணும் வரை

பதினோரு ஆண்டுகள்
பக்கத்திரைக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து
அவனுக்கு அடி எடுத்துக் கொடுத்தவள் நான்.
ஸ்கார்பரோவில், கடலைப் பார்த்த கொட்டகை.
குளிர்காலத்தில் மடியில் நாடகப் பிரதி,
அதற்கடியில் வெந்நீர்ப் பை.

லெனார்ட் ப்ராக்கிள்ஸ்பி என்று பெயர்.
சுவரொட்டி அச்சடிப்பவன் எழுத்துக்கு இவ்வளவு என்று
காசு கேட்டதால்
முதலாளி அதை ப்ராக் என்று நறுக்கினார்.
மீன் அரியும் வீட்டில் பிறந்தவன்
சிரித்தான்:
வால் போனால் போகட்டும், தலை இருக்கிறதே.

கிரிம்ஸ்பித் துறையில் அவன் அப்பா
இரவு இரண்டு மணிக்குக் காட் மீன் கூடை இறக்குவார்.
கடைசி வரிசைக்கு எட்டும் குரலை
ஏலக்காரர்களிடம் திருடினேன் என்பான்.
லண்டன் நடிப்புப் பள்ளியில் அந்த ஊர் உயிரெழுத்துகளை
ஒவ்வொன்றாகக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.
முதல் விடுமுறைக்கு வீடு போனபோது
அம்மா
விருந்தாளிக்கென்று வைத்திருந்த கோப்பையில்
தேநீர் கொடுத்தாளாம்.

திங்கள்தோறும் புது நாடகம் எங்களுக்கு.
ஒரு வாரம் பாதிரி, மறுவாரம் பாதிரியைக் கொன்றவன்.
ஒட்டுமீசைப் பசை உதட்டோரம் காய்வதற்குள்
இன்னொரு மீசை.

அவனுக்கு வசனம் மறந்ததே இல்லை.
நிறுத்துவான்,
அதுதான் எனக்குத் தொல்லை.
பேச்சின் நடுவே நின்று,
கொட்டகை இருமலை விழுங்கும் வரை நின்று,
நான் நான்கு எண்ணி முடிக்கையில்
அடுத்த சொல்லை
இப்போதுதான் கிடைத்ததுபோல் எடுப்பான்.
பிரதி ஓரமெல்லாம் என் பென்சில் கோடுகள்:
இங்கே இரண்டு, இங்கே மூன்று, இங்கே முழு நான்கு.

ஐம்பத்தேழில் ஒரு வியாழக்கிழமை.
தீர்ப்பெழுதும் நீதிபதி, கூண்டில் நிற்பவளைப்
பார்க்கும் இடம்.
நான்கு ஆயிற்று. ஐந்து. ஆறு.
ஏழில் எனக்குப் பொறுக்கவில்லை,
வரியைக் கிசுகிசுத்துவிட்டேன்.
வாங்கிக்கொண்டான், சொன்னான்,
இடைவேளையில் வந்து நின்றான், முகம் வெளுத்து:
மிஸ் ஃபென்விக்,
நான் உள்ளேதான் இருந்தேன்.
நீங்கள் கதவைத் தட்டிவிட்டீர்கள்.

பிறகு சினிமா கூப்பிட்டது, போனான்.
அங்கே நிறுத்தத்தைக் கத்தரித்துவிடுவார்கள் என்று
யாரும் அவனிடம் சொல்லவில்லை.
பத்தொன்பது படங்களில் செத்தான்
(எண்ணியவன் என் தங்கை மகன்).
நீர்மூழ்கியில் இரண்டு முறை, பனியில் ஒருமுறை,
ஒரு படத்தில்
பெயர்கள் ஓடி முடியும் முன்பே.
கடைசியில் கறிக்குழம்புப் பொடி விளம்பரம் ஒன்று:
“இன்னும் கொஞ்சம், கண்ணே.”
அந்த மூன்று சொல்தான்
ஒழுகிய கூரையை மாற்றியது.
பேருந்தில் நடத்துநர் கேட்டால்கூடச் சொல்லிக் காட்டுவான்,
நிறுத்தமே இல்லாமல்,
மீதிச் சில்லறை தருவதுபோல.

போன மார்ச்சில் க்ரோமருக்குப் போயிருந்தேன்.
கடற்கரை முதியோர் இல்லம்,
சன்னல் கண்ணாடியெல்லாம் உப்பு.
என்னைத் தெரிந்ததோ என்னவோ, பேசிக்கொண்டே வந்தான்:
அன்றைக்குக் காற்று வடக்கே திரும்பி
படகெல்லாம் ஒன்றாய் வந்து
அப்புறம்

என்று நின்றான்.

நான்கு எண்ணினேன்.
ஒன்பது. பதினான்கு.
என் மடியில் பிரதி இல்லை.
கொடுக்க ஒரு அடிகூட இல்லாமல்
வாய் மட்டும் திறந்திருந்தது எனக்கு.
செவிலி அவன் தோளைத் தொட வந்தாள்,
கையைத் தூக்கி அவளை நிறுத்தினேன்.
இருபதுக்கு மேல் எண்ணவில்லை.

கூடையப் புடி, வழுக்குது, என்றான்
பள்ளியில் கழற்றி வாங்கிய அதே உயிரெழுத்துகளில்.
நான் இரண்டு கையையும் நீட்டி,
எந்தப் பக்கம் வழுக்குது என்று கேட்டேன்.

இடப்பக்கம், என்றான்.